முன்னால் நிற்கும் கொம்பு

ஆட்டையாம்பட்டி,
மே 14

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பாப்பாவும் ஆண்டவர் அருளால் சுகமாயிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடந்து, சுகமாயிருக்கிறாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். நம்பித்தான் என்று எழுதக் காரணம் உண்டு, மூன்று ஞாயிறாக நீ போன் பேசவில்லை, நான் மெசேஜில் கேட்டதற்கெல்லாம் ஓகே, பிஸி, அப்புறம் என்று ஒற்றைச் சொல்லாகத்தான் பதில் வருகிறது. உன்னோடு வேலை பார்க்கும் ராசிபுரத்துப் பெண் லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறாளாம், முறுக்கு இரண்டு பாக்கெட்டும் பருப்புப்பொடியும் உன் பச்சை ஸ்வெட்டரும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இந்தக் கடிதமும் வரும். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழுவதில்லை. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் இப்படி.

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. நாமக்கல்லில் நீ படித்த பள்ளியில் நம் பாப்பா ஆக்னஸுக்காகச் சொல்லி வைத்திருந்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆறாம் வகுப்புக்கு அவளை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிற பெண்கள் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது. அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் மீடியம். ஜூனில் திறக்கிறார்கள், யூனிபார்ம் துணி கூட எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டேன். நீ இந்த இடத்தில் காகிதத்தைக் கீழே போட்டுவிடுவாய் என்று தெரியும். போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. அவசரப்பட்டோ செல்லம் கொடுத்தோ நான் இதைச் செய்யவில்லை, எப்படி இங்கே வந்து சேர்ந்தேன் என்று முழுதாகச் சொன்னால் நீயே ஒத்துக்கொள்வாய் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

மார்ச்சில் கோயிலில் நடந்ததை உன்னிடம் பாதிதான் சொன்னேன், சிரிப்பான பாதியை மட்டும். தவக்காலம் மூன்றாம் ஞாயிறு முதல் வாசகத்தை நம் பாப்பா வாசிக்கட்டும் என்று ஃபாதர் சவரிராயன் சொல்லியிருந்தார். ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன், அவள் தாளை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா நீங்க ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க, அப்பறம் நான் வாசிக்கறேன் என்பாள். நான் வாசித்ததும் அவள் விரலை வரியில் வைத்து, எங்கே நிறுத்தினேனோ அங்கே நிறுத்தி, எங்கே குரல் உயர்த்தினேனோ அங்கே உயர்த்தி, ஒரு சொல் தவறாமல் ஒப்பிப்பாள். எனக்கு அது வாசிப்பாகத்தான் தெரிந்தது. ஞாயிறன்று ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள், அப்பா மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவிட்டார், மணி போலக் குரல். பாதியில் பக்கத்திலிருந்த மரியபுஷ்பம் அக்கா கையிலிருந்த வாசகத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏனுங்க ஃபாத்திமா, இன்னைக்கு மூணாவது ஞாயிறு தானுங்க என்று என் காதில் கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடச் சுற்று என்பது உனக்கே தெரியும், அதே ஞாயிறானாலும் போன வருடத்து வாசகம் இந்த வருடம் வராது. நான் மேசை டிராயரிலிருந்து எடுத்துப் பழக்கியது போன வருடத்துத் தாள். மேடையில் விரித்திருந்த பெரிய புத்தகத்தில் இந்த வருடத்துக் கதை, பாறையிலிருந்து தண்ணீர் வருகிறது, பாப்பா வாயில் போன வருடத்துக் கதை, முட்செடி எரிகிறது. அதை விடு, தாள் மாறியது என் தப்பு. அவள் விரல் அந்தப் புத்தகத்தில் வரிவரியாக நகர்ந்துகொண்டிருந்தது ஜெனி, ஒரு வரி முடியும் இடத்தில் நிதானமாக அடுத்த வரிக்கு இறங்கியது. இறைவா உமக்கு நன்றி என்று எல்லாரும் சொல்ல அவளும் பெருமையோடு இறங்கி வந்தாள். பூசை முடிந்து ஃபாதர், என்ன பாப்பா, எங்க எல்லாத்தையும் போன வருஷத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்ட என்று சிரித்தார், நாங்களும் சிரித்தோம், உனக்குச் சொன்னது இதுவரைக்கும்தான். அவளை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பி, மனப்பாடம் பிரமாதமா பண்றாம்மா, வாசிக்கறாளான்னு ஒருதடவ பாருங்க என்றார். அதை உனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சரியான தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். முதல் வரியில் மூன்று சொல் தாண்டுவதற்குள் வேர்த்துவிட்டாள். எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, வெட்கம். மரியபுஷ்பம் அக்கா தாளைத் திருப்பியதுதான் கண்முன் நின்றது. கோபத்தில், இத்தனை வருசம் பள்ளிக்கொடத்துல என்னதான் பண்ணுன என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை. தாளில் ஒரு எழுத்தைக் காட்டி, அம்மா இந்தக் கொம்பு ஏம்மா முன்னாடி வந்து நிக்குது, சத்தம் பின்னாடிதான வருது, அது முன்னாடி நின்னா எனக்கு எதை மொதல்ல படிக்கறதுன்னே தெரீல என்றாள். நான் எம்.எஸ்ஸி. படித்தவள், அதை ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்துப் பார், கொ என்று எழுதும்போது கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. நாம் மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்கிவிடுகிறோம், அவள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டு சௌந்தர்யாவின் நோட்டு லேபிளைப் பார்த்து அவள் செ, ள, ந்தர்யா என்று படித்து, அந்தப் பெண் ஒரு மாதம் தெருவில் செளந்தர்யாவாகவே திரிந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், எல்லாரும் விளையாட்டு என்று நினைத்தோம். பிறகு உட்கார்ந்து யோசித்தால் எனக்கே தெரிந்தது, மூன்றாம் வகுப்பிலிருந்து அவள் வீட்டுப்பாடத்தை நான்தான் வாசித்திருக்கிறேன், அவள் கேட்டிருக்கிறாள். ஜவ்வரிசி ஆலையில் என் வேலை என்ன, அடுக்கியிருக்கிற மூட்டைகளில் ஒரு கைப்பிடி எடுத்து வெண்மையும் ஈரமும் பார்த்து மொத்த மூட்டைக்கும் தரச் சீட்டு எழுதுவது. வீட்டிலும் அதையே செய்திருக்கிறேன், ஒரு நாள் ஒப்பித்ததைக் கேட்டு மொத்தத்துக்கும் நல்லது என்று எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நாமக்கல் போனோம். போகும்போது எனக்கு அரை மனசு என்று நினைக்காதே, முழு மனதோடுதான் போனேன், உன்னை ஆளாக்கிய இடமாயிற்றே. அதே வேப்பமரம், அதே தண்ணீர்த் தொட்டி, ஹாஸ்டல் மட்டும் இரண்டு மாடி கூடியிருக்கிறது. ஆபீசில் ஒரு மேடம் மரியாதையாகத்தான் பேசினார்கள், உன் பெயரைச் சொன்னதும் சேர் போட்டார்கள். பாப்பாவிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள், அவள் மேலே படத்தைப் பார்த்து ஒரு கதையைச் சொன்னாள், கதை நன்றாகத்தான் இருந்தது, பத்தியில் அது இல்லை. மேடம் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. இது ஒண்ணுமில்லைங்கம்மா, ஹாஸ்டல்ல விட்டீங்கன்னா காலைல அஞ்சு மணிக்கு ஸ்டடி, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் ஸ்டடி, ஆறே மாசத்துல சரி பண்ணிடுவோமுங்க என்றார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அப்போது இந்தக் குட்டி சும்மா இருக்காமல் அவர்களிடமும் அதே கொம்புக் கேள்வியைக் கேட்டது. அவர்கள் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் அப்படித்தான் பாப்பா, கேள்வி கேட்டுட்டு இருந்தா மார்க் வருமா, நூறு தடவ எழுது, தானா வந்துரும் என்றார்கள். நான் அதிலும் தப்பு ஒன்றும் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியில் திருச்செங்கோட்டில் பஸ் நின்றபோது உனக்கு மெசேஜ் போட்டேன், சேர்த்துவிடலாம் என்று. பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வந்தது, நூறு தடவையா என்று ஒரே ஒருமுறை கேட்டது. நூறுதான் என்றேன்.

மறுநாள் ஞாயிறு நீ போன் பேசினாய். ரொம்பச் சந்தோஷமாகப் பேசினாய். நான் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன், புள்ள சின்னதா இருக்குதே ஜெனி, ஹாஸ்டல்ல அழுதா என்ன பண்றது என்று. அதற்கு நீ சொன்னாய், அழுதா அழட்டும்மா, நானும் மொத ரெண்டு வருசம் தெனமும் பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்துதான் படிச்சேன், என்ன கெட்டுப்போச்சு, இன்னைக்கு நல்லா இல்லையா என்று. அதைச் சொல்லிவிட்டு நீ புது வார்டு, புது ஷூ என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நான் ம், ம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், என்ன பேசினாய் என்று இன்றைக்கும் தெரியாது. தினமும் என்றாயே. மாதத்துக்கு ஒரு ஞாயிறு நாங்கள் உன்னைப் பார்க்க வருவோம், கேரியரில் பிரியாணி, தனியாக வெங்காயப் பச்சடி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நீ சாப்பிடுவாய், நல்லா இருக்கியா சாமி என்று அப்பா கேட்பார், நல்லா இருக்கேம்ப்பா என்பாய். உன் ராங்க் கார்டை நான் வரி விடாமல் படித்திருக்கிறேன், பாட வாரியாக, போன மாதத்தோடு ஒப்பிட்டு. உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ நன்றாக வந்தாய் என்பது உண்மை. அது உன்னால். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தைத் திறந்தால் உனக்கு எழுத்து திறந்தது. அவளுக்குத் திறக்காது ஜெனி. அழுகை மட்டும்தான் மிஞ்சும். இதைத்தான் அடுத்த வாரம் போனில் சொல்லப் பார்த்தேன், நீ, நீங்க அவள செல்லம் குடுத்துக் கெடுக்கறீங்கம்மா, எனக்கு ஒரு நியாயம் அவளுக்கு ஒரு நியாயமா என்று வைத்துவிட்டாய். நீ கேட்டது சரியான கேள்விதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

செவ்வாய்ப்பேட்டைப் பள்ளியைச் சொன்னது சௌந்தர்யா. அவள் அங்கே இப்போது ஒன்பதாவது போகிறாள். எங்க மைதிலி டீச்சர் ஆறாவதுக்குத் தமிழ் எடுக்கறாங்க ஆன்ட்டி, படிக்க வராதவங்களத்தான் முன்னாடி பெஞ்சுல போட்டுக்குவாங்க, திட்ட மாட்டாங்க, ஆனா விடவும் மாட்டாங்க என்றாள். சரி பார்த்துவிட்டாவது வருவோம் என்று அப்பாவும் நானும் பாப்பாவும் டவுன் பஸ்ஸில் போனோம். மளிகை மண்டிகளுக்கு நடுவில் பள்ளிக்கூடம், சுவரை ஒட்டி மிளகாய் குடோன், உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் வரிசையாகத் தும்மினோம், வாட்ச்மேன், புதுசா வர்றவங்க மூணு தும்மல் போட்டாத்தான் உள்ள விடறதுங்க என்றார். பெரிய கட்டடமெல்லாம் இல்லை, விளையாட இடம் என்று சொன்னால் ஒரு முற்றம், அவ்வளவுதான். மைதிலி டீச்சர் என் வயதுதான் இருப்பார், சாக்பீஸ் கையோடு வந்தார். பத்தியெல்லாம் கொடுக்கவில்லை. நீ எதைப் படிக்கறப்ப மாட்டிக்கற, எனக்கு அத மட்டும் காட்டு என்றார். இவள் கொம்பைக் காட்டினாள், அதே கேள்வியைக் கேட்டாள். டீச்சர் தரையில் உட்கார்ந்து, மூன்று அட்டைத் துண்டில் கொம்பு, க, கால் என்று தனித்தனியாக எழுதி வரிசையாக வைத்துவிட்டு, நல்ல கேள்வி, நானும் சின்னதுல கேட்டுத் திட்டு வாங்கியிருக்கேன், ஏன்னு எனக்கும் தெரியாது, ஆனா இது வாயத் தொறக்காது, பின்னாடி வர்றவங்க பேசற வரைக்கும் முன்னாடி சும்மா நிக்கும், நீ அதப் பாத்ததும் நின்னுக்க என்றார். பாப்பா அந்த மூன்று அட்டையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, அப்ப இது பவனியில சிலுவை தூக்கிட்டு முன்னாடி போறவங்க மாதிரிங்களா டீச்சர், ஃபாதர் பின்னாடிதான வருவாரு, பேசறது அவருதான என்றாள். டீச்சருக்கு முதலில் புரியவில்லை, நான் விளக்கிச் சொன்னேன், திருநாள் பவனியில் சிலுவை முன்னால் போகும், சாமியார் கடைசியில் வருவார் என்று. அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இத நான் எழுதி வெச்சுக்கட்டுமா பாப்பா, அடுத்த வருசம் வர்ற புள்ளைங்களுக்கும் சொல்லுவேன் என்று கேட்டு, நிஜமாகவே டைரியில் எழுதிக்கொண்டார். சௌந்தர்யா கதையைச் சொன்னபோதும் சிரிக்கவில்லை, கொம்பு, ச, ள, எழுத்துல இருக்கறதத்தான படிச்சிருக்கு, தப்பு அவளோடது இல்லீங்க என்றார்.

இப்போது எழுதப்போவதை அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அன்று பள்ளியில் அதுவரை கதவோரம் கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தவர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எனக்கு அந்தக் கொம்பு இன்னைக்கும் வழி மறிக்குதுங்க டீச்சர் என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் ஆயிற்று எங்களுக்குக் கல்யாணமாகி. பேங்கில் ஃபாரம் வந்தால் கண்ணாடி எடுத்துட்டு வல்ல, நீயே படிச்சுடு என்பார், ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தால் கண்ணாடி வண்டியில கெடக்குது என்பார், உன் ராங்க் கார்டைக் கூட நான் படிக்க அவர் கேட்பதுதான் வழக்கம். லாரிக்கு வயரிங் பண்ணும்போது தலைமுடி பருமனுள்ள ஒயரைக் கண்ணாடி இல்லாமல் சீவுகிற மனிதர், அவருக்கு எதற்குக் கண்ணாடி என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கோயிலில் மைக் செட் பக்கத்திலேயே நிற்பார், பாட்டுப் புத்தகம் கையில் வாங்கியதில்லை, மைக்கின் மேல் அத்தனை அக்கறை என்று நான் பெருமையாக நினைத்திருந்தேன். வரும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏங்க, என்கிட்டக் கூடச் சொல்லலையே என்று. அவர் வெளியே பார்த்துக்கொண்டே, நீ எம்மெஸ்ஸி படிச்ச புள்ள, பொண்ணு பாக்க வந்தப்பச் சொல்லியிருந்தா கட்டியிருப்பியா என்றார். கட்டியிருப்பேன் என்றேன். பொய் சொல்லாத, கோயில்ல வெச்சுக் கேப்பேன் என்று சிரித்தார். அப்புறம், ஒயருக்குக் கலரு இருந்துச்சு, பொழச்சுக்கிட்டேன், இவளுக்கு ஒரு ஆளு இருக்கட்டும் என்றார். எங்கள் இருவருக்கும் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது, பஸ் கொண்டலாம்பட்டி கூடத் தாண்டவில்லை. பாப்பா முன் சீட்டில் உட்கார்ந்து கடை போர்டுகளில் சிலுவை எங்கே நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தது.

நீ கேட்கப்போகிற கேள்விகளை நானும் கேட்டேன், அவசரப்படாதே. தமிழ் மீடியமா என்பாய். இங்கே படித்த பள்ளியில் இரண்டு மொழியும் இவளுக்கு அரைகுறை, ஒன்றில் கால் ஊன்றட்டும், இங்கிலீஷை அதற்குப் பிறகு அதே மாதிரி பிடிக்கலாம் என்கிறார் டீச்சர், எனக்கும் அது சரியாகப் படுகிறது. பரீட்சை என்பாய். சிறப்பாசிரியர் ஒருவர் வாரம் ஒரு நாள் வருகிறார், அவர் சொன்னபடி பெரியாஸ்பத்திரியில் காட்டிச் சான்றிதழ் வாங்கினோம். கற்றல் குறைபாடு என்று எழுதியிருந்தது, நீ நர்ஸ், உனக்கு அது சாதாரணமாக இருக்கும், எனக்கு அன்று முழுதும் சோறு இறங்கவில்லை. அந்தத் தாள் இருந்தால்தான் பத்தாவதில் கூடுதல் நேரம் கேட்க முடியும் என்று தெரிந்த பிறகு அதை அவள் ஞானஸ்நானச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துவிட்டேன். போக வர என்பாய். சௌந்தர்யா அதே பஸ், அப்பா ஸ்டாப் வரைக்கும் வண்டியில் விட்டுவிடுவார், கண்டக்டருக்குக் கூட இப்போதே பாப்பாவைத் தெரியும், வா சிலுவ என்றுதான் கூப்பிடுகிறார், அவள் அவரிடமும் விளக்கிவிட்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்று டீச்சர் சத்தியம் பண்ணவில்லை. நான் மாயமந்திரம் ஒண்ணும் பண்ண மாட்டேனுங்கம்மா, மார்க்கெல்லாம் இப்ப கேக்காதீங்க, வர்ற கிறிஸ்துமசுக்குள்ள ஒரு பக்கத்த யாரும் முன்னாடி வாசிக்காம தானா வாசிப்பா, அதுக்கு நான் பொறுப்பு என்றார். எனக்கு அந்த ஒரு பக்கம் போதும். அதுவரை நான் அவளுக்குப் பாடத்தை முன்கூட்டி வாசித்துக் காட்டக் கூடாதாம், அதுதான் எனக்குப் போட்டிருக்கிற வீட்டுப்பாடம், அவளுடையதை விடக் கஷ்டமாக இருக்கிறது. வாய் துறுதுறுவென்று வருகிறது, வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இனி நீ கேட்ட நியாயம். உனக்கு ஒன்று அவளுக்கு ஒன்றா என்றாயே, ஆமாம், அப்படித்தான் ஆகிவிட்டது. உனக்கும் இதே அம்மா அன்றைக்குக் கிடைத்திருக்க வேண்டும். பதினோரு வயதில் நீ வேப்பமரத்தடியில் நல்லா இருக்கேன் என்று சொன்னபோது, இன்னும் ஒரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ என்னவோ, நான் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ போனில் ஐயோ அம்மா விடுங்க என்று முடித்துவிடுவாய், அதனால் வேறொன்று கேட்கிறேன். அந்த இரண்டு வருடத்தை எனக்கு எழுது. என்னென்ன நடந்தது, எதற்கு அழுதாய், யார் உன்னோடு இருந்தார்கள், எல்லாம். போனில் வேண்டாம், நான் குறுக்கே பேசிவிடுவேன். ஒரு பக்கமோ பத்துப் பக்கமோ, எவ்வளவு நாள் ஆனாலும் சரி. நான் ஒரு வரி விடாமல் படிப்பேன், படித்து அப்பாவுக்கும் காட்டுவேன், அவரிடம் இனிமேல் கண்ணாடிக் கதை எடுபடாது, எழுத்துக்கூட்டியாவது அவரே படிக்கட்டும் என்று பாப்பா சொல்லியிருக்கிறாள். ஆக்னஸை நாமக்கல்லுக்கு அனுப்பாதது உன் பேச்சைத் தட்டியதாக உனக்குத் தோன்றும். நீ பேசியதை நான் முதல்முறையாகக் காது கொடுத்துக் கேட்டதால்தான் அவளை அனுப்பவில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இங்கே வெயில் சொல்லி முடியாது, நேற்று ஒரு மழை தூறிவிட்டுப் போனது. உனக்குப் பிடித்த குண்டு மாம்பழம் வந்துவிட்டது, கொடுத்தனுப்ப முடியாதே என்று வாங்கும்போதெல்லாம் தோன்றுகிறது. முறுக்கை டப்பாவில் போட்டு மூடு, அப்படியே வைத்தால் அந்த ஊர் ஈரத்துக்கு இரண்டே நாளில் நமத்துவிடும். நைட் டூட்டிக்கு முன்னால் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன் கூடவே இருந்து வழி நடத்தட்டும், எங்கள் இருவருடைய ஆசீரும் உன் தலைமேல் எப்போதும் உண்டு.

உன் அன்பு அம்மா,
ஃபாத்திமா ஆண்ட்ரூஸ்

பி.கு. கீழே ஒரு வரி பாப்பா எழுதியிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக வாய் திறக்கவில்லை, ஆறு வெங்காயம் உரித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான்கு கொம்பு வருகிறது, மூன்றைச் சரியாக நிறுத்திவிட்டாள். கடைசிச் சொல்லில் மட்டும் கொம்பைப் பின்னால் போட்டு, பார்த்து, யாரும் சொல்லாமல் தானே அடித்து, முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அந்த அடித்தலைப் பார்த்துக்கொள், மற்றதெல்லாம் அப்புறம்.

அக்கா கோபம் வேண்டாம் போன் பேசு
ஆக்னஸ்